அகன்று கிடக்கும் அந்த ஒரு கோடு

தம்பி: அக்கா, பிரபஞ்சம் சின்ன வயதில் இருந்தபோதே சில கேலக்ஸிகளின் நடுவில் பெரிய கருந்துளை வளர்ந்துகொண்டிருந்தது என்கிறார்கள். ஆனால் கருந்துளையிலிருந்து ஒளியே வெளியே வராது. அப்புறம் அவ்வளவு பழைய கேலக்ஸிக்குள் அது வளர்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? படத்தில் வெறும் சிவப்புப் புள்ளிதான் தெரிகிறது.

நான்: படத்தை விடு, நிறமாலையைப் பார். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் நிர்ஸ்பெக் என்ற கருவி அந்தப் புள்ளியின் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துக் காட்டும். ஒவ்வொரு வாயுவும் தனக்கென்ற சில அலைநீளங்களில் மட்டும் ஒளி வீசும், அவை நிறமாலையில் கோடுகளாகத் தெரியும். அப்படி ஹைட்ரஜன் வீசும் ஒரு கோடு ஆல்பா. அது ஆய்வகத்தில் 656 நானோமீட்டரில் விழும், 1250 கோடி ஆண்டுக்கு முன் கிளம்பியது என்றால் பிரபஞ்சம் விரிந்த விரிவில் நீண்டு 4 மைக்ரான், அதாவது 4000 நானோமீட்டர் பக்கம் வந்து நிற்கும்.

நான்: அந்தக் கோட்டின் அகலம்தான் விஷயமே. கருந்துளையைச் சுற்றும் வாயுவில் ஒரு பகுதி நம் பக்கம் வருகிறது, ஒரு பகுதி விலகி ஓடுகிறது, அதனால் கோடு நீலப் பக்கமும் சிவப்புப் பக்கமும் இழுபட்டுப் பரந்துவிடும். அளந்தால் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகம்!

சித்தப்பா: நட்சத்திரங்கள் வெடித்து வாயுவை வெளியே தள்ளினாலும் கோடு அகலுமே மா?

நான்: அகலும் சித்தப்பா. அதற்காகத்தான் ஆக்சிஜன் கோட்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள், 501 நானோமீட்டரில் வருவது. அது அடர்த்தி குறைந்த வாயுவில்தான் பிறக்கும். கேலக்ஸி முழுக்கப் புயல் அடித்தால் அதுவும் அகன்றிருக்க வேண்டும். அது மெல்லியதாகவே இருந்து ஹைட்ரஜன் மட்டும் அகன்றிருந்தால், வேகமாக ஓடும் வாயு அடர்த்தியாக நடுவில் ஒரு சின்ன இடத்துக்குள் சுற்றுகிறது என்று அர்த்தம்.

அம்மா: எடை எப்படித் தெரியும்?

நான்: கோள்கள் ஓடும் வேகத்தை வைத்துச் சூரியனை எடை போடுவது மாதிரிதான் அம்மா. வேகம் கோட்டின் அகலத்திலிருந்து கிடைக்கும். வாயு எவ்வளவு தள்ளிச் சுற்றுகிறது என்பதை மட்டும் நேராக அளக்க முடியாது, பிரகாசத்தை வைத்து, அருகிலுள்ள கருந்துளைகளில் பழகிய கணக்கால் மதிப்பிடுகிறார்கள். அதனால் எடை சில மடங்கு முன்பின் இருக்கலாம்.

நான்: சீயர்ஸ் 1019 என்ற கேலக்ஸி பெருவெடிப்புக்கு 57 கோடி ஆண்டுக்குப் பிந்தையது. அவ்வளவு தூரத்தில் ஆல்பா கோடு நிர்ஸ்பெக்கின் எல்லையைத் தாண்டிவிடும், ஆகவே அலைநீளம் குறைந்த ஹைட்ரஜனின் இன்னொரு கோடான பீட்டாவைப் பிடித்தார்கள். 2023-ல் வந்த கணக்குப்படி அதன் கருந்துளையின் எடை சுமார் 90 லட்சம் சூரியன்கள். நம் பால்வெளியின் நடுவில் இருப்பது இன்றைக்கும் 40 லட்சத்துச் சொச்சம்தான்.

தம்பி: அதற்குள் எப்படி அவ்வளவு பெரிதானது?

நான்: அதுதான் எனக்கும் தூக்கம் வராத கேள்வி. விழும் வாயு சூடாகி வீசும் ஒளியே அடுத்து வரும் வாயுவைத் தள்ளிவிடும், எடிங்டன் எல்லை என்பார்கள். அந்த எல்லையில் இடைவிடாமல் விழுங்கினாலும் எடை இரட்டிக்க 3 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். ஒரு நட்சத்திரம் செத்து விட்டுப்போன, 100 சூரியன் எடையுள்ள கருந்துளையில் தொடங்கினால் 16, 17 தடவை இரட்டிக்க வேண்டும், கூட்டிப் பார். 50 கோடி ஆண்டு தாண்டுகிறது, முதல் நட்சத்திரம் பிறந்து சாகவே நேரம் மிஞ்சவில்லை. ஒன்று, பிறக்கும்போதே பல்லாயிரம் சூரியன் எடையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லையை மீறி விழுங்கியிருக்க வேண்டும்.

சித்தப்பா: அந்தக் கோட்டுப் படம் இருந்தால் போடு மா.

நான்: இதோ போடுகிறேன். நடுவில் ஊசி மாதிரி நிற்பது கேலக்ஸியின் சாதாரண வாயு. அதன் காலடியில் இரண்டு பக்கமும் தாழ்வாகப் பரந்து கிடக்கிறதே, அதுதான் கருந்துளையைச் சுற்றுவது.