வேலையை விட்டுவிட்டு மூன்று ஏக்கரில் இறங்கலாமா? (திருத்துறைப்பூண்டி பக்கம்)

ஓஎம்ஆர்_ராஜா:
வணக்கம். வயது 38, பழைய மகாபலிபுரம் சாலையில் டெஸ்டிங் வேலை. போக வர மூன்று மணி நேரம் ரோட்டிலேயே போகிறது, ராத்திரி 10 மணிக்கு அமெரிக்காக்காரர்களோடு கால், இதில் இந்த வருடம் யாரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சு வேறு. அப்பா பெயரில் திருத்துறைப்பூண்டி பக்கம் மூன்று ஏக்கர் நன்செய் இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து ஒரே குடும்பம் குத்தகைக்குச் செய்கிறது. வருடத்துக்கு ஒருமுறை நெல் அளப்பார்கள், சில வருடம் அளக்க மாட்டார்கள். அதைத் திரும்ப வாங்கி மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி என்று பாரம்பரிய நெல் ரகங்களை இயற்கை முறையில் போட்டு ஊரோடு எளிமையாக இருந்துவிடலாம் என்று ஆசை. வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. பெண் நான்காம் வகுப்பு. மனைவி "யோசிக்கலாம்" என்கிறாள் (கல்யாணமானவர்களுக்கு அர்த்தம் தெரியும்). குடும்பம் ஓடுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கடைமடைக்காரன்:
தம்பி, முதலில் கணக்கு. நம் பக்கம் சம்பா நன்றாக வந்தால் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 30 காணும், அதாவது 18 குவிண்டால். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் 2025-26 பருவத்துக்குச் சன்னரகம் குவிண்டால் 2,545 ரூபாய், ஆக ஏக்கருக்கு 45,000 சொச்சம். உழவு, விதை, களை, மருந்து, அறுப்பு வண்டி எல்லாம் போகப் பாதி கையில் நின்றால் அது நல்ல வருடம். மூன்று ஏக்கருக்கும் சேர்த்து எழுபதாயிரத்தைத் தொடாது. வருடத்துக்குச் சொல்கிறேன், மாதத்துக்கு இல்லை. "உழுதவன் கணக்குப் பார்த்தால்" என்று யாரும் கீழே ஆரம்பித்துவிடாதீர்கள், கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அப்புறம் தண்ணீர். மேட்டூர் ஜூன் 12-ல் திறப்பது வழக்கம், ஆனால் 2024-ல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். 2023-ல் தேதிப்படி திறந்தும் கர்நாடகத்திலிருந்து வரத்து இல்லாமல் குறுவை கருகியது. கல்லணையில் விட்ட தண்ணீர் நம்ம வாய்க்காலுக்கு வருவதற்குள் மேலே இருப்பவன் நடவே முடித்திருப்பான், அதனால்தான் இங்கே பலரும் நாற்று நடாமல் வயலிலேயே விதைக்கும் நேரடி விதைப்புக்குப் போனோம். கார்த்திகையில் மழை ஒரேயடியாகக் கொட்டினால் அதே வயல் வடியாமல் முழங்கால் தண்ணீரில் நிற்கும். எளிமையான வாழ்க்கை என்கிறீர்கள். தை மாதம் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் எடுக்க மாட்டார்களே என்று தார்ப்பாயும் கையுமாகப் படுத்துக் கிடந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

கவுனி_அக்கா:
அண்ணன் சொல்வது கொள்முதல் நிலையத்துக்குப் போடும் நெல்லுக்குச் சரி. நாங்கள் நாகப்பட்டினம் பக்கம் இரண்டு ஏக்கரில் தூயமல்லியும் கவுனியும் செய்கிறோம். மூட்டை பாதிதான் காணும், ஆனால் நெல்லாக விற்காமல் அரிசியாக விற்பதால் கட்டுப்படியாகிறது. ஒன்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்: விவசாயத்தைவிட விற்பதுதான் பெரிய வேலை. கொஞ்சம் நெல்லைத் தனியாக அரைத்துத் தரும் மில்லைத் தேட வேண்டும், பட்டை தீட்டாத அரிசியில் வண்டு சீக்கிரம் விழும், வாங்கியவர்கள் ராத்திரியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். (உங்களுக்கு ராத்திரி கால் பழக்கம்தானே.)

மாப்பிள்ளைச் சம்பாவில் ஆரம்பிக்காதீர்கள். ஏறக்குறைய 160 நாள் பயிர், ஆள் உயரம் வளரும், காற்றுமழையில் அப்படியே சாயும். தூயமல்லி புதியவர்களுக்குப் பரவாயில்லை. விதைக்கு அலைய வேண்டாம், பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேகரித்த நெல் ஜெயராமன் தொடங்கிய நெல் திருவிழா நடக்கும் ஆதிரெங்கம் உங்கள் ஊர்ப் பக்கம்தான். இரண்டு கிலோ வாங்கினால் அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அதுதான் அங்கே வழக்கம்.

இன்னொன்று, என் வீட்டுக்காரர் வாத்தியார் வேலையை இன்னும் விடவில்லை. மளிகை, பள்ளிக்கூடக் கட்டணம் எல்லாம் அந்தச் சம்பளம்தான்.

சிட்டா_அடங்கல்:
எல்லோரும் நெல்லைப் பற்றியே பேசுகிறீர்கள். மூன்று தலைமுறைக் குத்தகை என்கிறார், அது யார் கண்ணிலும் படவில்லையா? 1955-ம் வருடத்துச் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, "என் நிலம், நாளையிலிருந்து நான் செய்கிறேன்" என்று யாரையும் இறக்கிவிட முடியாது. குத்தகை பாக்கி மாதிரி சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணம் வேண்டும், தகராறு என்றால் வருவாய் நீதிமன்றம், வருடக்கணக்கில் இழுக்கும். அடங்கலில் (கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் சாகுபடிக் கணக்கு) சாகுபடி செய்பவர் என்று யார் பெயர் இருக்கிறது, தாலுகா ஆபீசில் குத்தகைப் பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சட்டத்தை விடுங்கள், உங்களுக்கு அது எளிமையான வாழ்க்கை, அந்த வீட்டுக்கு அது சோறு. ஊரில் இப்படிப்பட்டதைப் பெரும்பாலும் உட்கார்ந்து பேசித்தான் முடிப்பார்கள், ஆளுக்குக் கொஞ்சம் நிலம் என்று.

ஓஎம்ஆர்_ராஜா:
நன்றி எல்லோருக்கும். அப்பாவிடம் கேட்டேன், பதிவு பற்றி அவருக்கே தெரியவில்லை, அடங்கல் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். வேலையை இப்போதைக்கு விடுவதாக இல்லை. ஒரு ஏக்கர் மட்டும் கேட்டு, வீட்டுச் சாப்பாட்டுக்குத் தூயமல்லி போடலாமா?

கடைமடைக்காரன்:
போடலாம். ஆனால் போனில் கேட்காதீர்கள், பயிர் நிற்கும்போதும் கேட்காதீர்கள். தை அறுப்பு முடிந்ததும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். ஒரு ஏக்கர் கொடுத்தால் உழவுக்கும் தண்ணீர் பார்க்கவும் அவர்களையே கூலி பேசி வைத்துக்கொள்ளுங்கள், சென்னையிலிருந்து நீங்கள் மடை திறக்க முடியாது. ஆனிக்குள் பேச்சு முடிந்தால்தான் இந்தச் சம்பாவுக்கு ஆகும்.