டேங்க் தண்ணியில் சோலனாய்டு வால்வு திறக்கல

கேள்வி: மாடித்தோட்டம், 40 தொட்டி. ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டு), ரிலே (போர்டு இயக்குற சுவிட்ச்), 12 வோல்ட் அரை இஞ்ச் சோலனாய்டு வால்வு (கரண்ட் கொடுத்தா திறக்கிற வால்வு), ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டுக் கருவிகளை இயக்குற மென்பொருள்). ரிலே டிக்குங்குது, தண்ணி வரல. டேங்க் தண்ணி மட்டம் வால்வுக்கு ஒன்றரை மீட்டர் மேலே. ஈரப்பத சென்சாரும் (போர்டுல ஜிபிஐஓ 25ங்கிற பின்ல) வைஃபை கிடைச்சதும் ரீடிங் தரமாட்டேங்குது.

பதில் 1: ரிலேயில கோளாறு இல்லைங்க, அழுத்தம்தான் பத்தல. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார், உங்களுக்கு 0.15தான். இந்த வால்வோட டயாஃப்ரம் (உள்ளே இருக்கிற ரப்பர் சவ்வு) தண்ணி அழுத்தத்துலதான் வேலை செய்யும், பெரும்பாலும் 0.2 பாராவது வேணும். 12 வோல்ட் மோட்டார் பால் வால்வு (மோட்டாரே உள்ளே இருக்கிற உருண்டையைத் திருப்பித் திறக்கிறது) போடுங்க. கரண்ட் போனா தானா மூடுற வகையா கேட்டு வாங்குங்க, இல்லேன்னா டேங்க் காலி. பிரஷர் காம்பன்சேட்டிங் டிரிப்பரும் (அழுத்தம் மாறினாலும் ஒரே அளவு சொட்டுற முனை) இந்த அழுத்தத்துக்கு ஒத்துவராது. மைக்ரோ டியூப் (மெல்லிய குழாய்) போதும்.

பதில் 2: ஜிபிஐஓ 25 ஏடிசி2 பின் (சென்சார் வோல்டேஜை எண்ணா மாத்துற ரெண்டாவது பகுதியைச் சேர்ந்தது). வைஃபை ஓடும்போது அது படிக்காது. 34க்கு மாத்துங்க. கெப்பாசிட்டிவ் சென்சார்னா அதுல போட்டிருக்கிற கோட்டுக்கு மேலே மண் படக்கூடாது. சென்சார் பலகையோட வெட்டு விளிம்புல நெயில் பாலிஷ் பூசுங்க, அங்கதான் ஈரம் ஏறும்.

பதில் 3: 10 நிமிஷத்துல வால்வை மூடுற டைமரை ஈஎஸ்பிஹோம்லயே (ஈஎஸ்பி32 போர்டுக்குள்ளயே ஓடுற மென்பொருள்) எழுதுங்க. ஹோம் அசிஸ்டன்ட்ல வச்சா, நடுவுல ரவுட்டர் நின்னதும் மூடுற கட்டளை வந்து சேராது.