கைக்குழந்தைக்கு இடம் தேடிக் கார் வாங்கிய அனுபவங்கள்

வைகைக்கரை, மதுரை

மகள் பிறந்த பிறகு, பல ஆண்டுகள் உழைத்த பழைய ஹேட்ச்பேக்கைக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் எடுப்பது என்று வீட்டில் முடிவானது. ஷோரூமில் "கைக்குழந்தை இருக்கிறது, இடம் போதுமா?" என்று கேட்டால், விற்பனைப் பிரதிநிதி நேரே பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்து லிட்டர் கணக்குச் சொல்லத் தொடங்கிவிடுகிறார். டிசையருக்கு 382, பன்ச்சுக்கு 366, ஹோண்டா சிட்டிக்கு 506 என்று அவர்கள் சொல்லும் எண்களில் பிழையில்லை. ஆனால் கைக்குழந்தை உள்ளவர்களுக்கு முதல் நெருக்கடி டிக்கியில் வருவதில்லை. முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் நடுவில்தான் வருகிறது. அதனால் நாங்கள் குழந்தை இருக்கையை முதலில் வாங்கிவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டே ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினோம்.

குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்கும்படி பொருத்தும் இருக்கையைத்தான் சொல்கிறேன். பிறந்த குழந்தைக்கு உடல் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு தலைதான். அதைத் தாங்கும் கழுத்தோ இன்னும் வலுப்பெறாதது. கார் எதிலாவது மோதி நின்றால் முன்பக்கம் பார்த்திருக்கும் குழந்தையின் தலை வெடுக்கென்று முன்னே பாயும். பின்பக்கம் பார்த்திருந்தால் அதே விசையைத் தலை, முதுகு, தோள் எல்லாவற்றிலும் பரப்பி இருக்கையின் ஓடு தாங்கிக்கொள்ளும். ஐ-சைஸ் என்று அறியப்படும் ஐ.நா. ஒழுங்குமுறை 129, குறைந்தது 15 மாதம் வரை இப்படித்தான் உட்கார வைக்க வேண்டும் என்கிறது. சிக்கல் என்னவென்றால், இந்த இருக்கை சாய்வாக நிற்பதால் நிமிர்ந்து உட்காரும் ஒரு பெரியவரைவிட முன்பின்னாக அதிக இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

முதலில் பார்த்தது நான்கு மீட்டருக்கு உட்பட்ட ஒரு சிறிய எஸ்.யு.வி. வெளியிலிருந்து பார்க்க யானை மாதிரி நின்றது. இடப்பக்கம் பின்னிருக்கையில் குழந்தை இருக்கையைப் பொருத்தியபோது, முன்னிருக்கையை நகர்த்தி நகர்த்தி, என் மனைவியின் முழங்கால் டேஷ்போர்டு பெட்டியில் இடிக்கும் நிலை வந்தது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வைத்துப் பார்த்தோம். ஆறடிக்குச் சற்றே குறைந்த நான் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடிதான் ஓட்ட வேண்டியிருந்திருக்கும். வண்டியின் நீளம் நான்கு மீட்டருக்குள் இருந்தால் வரி குறையும் என்ற ஏற்பாடு 2006-இலிருந்தே இருப்பதால், நிறுவனங்கள் உயரத்தையும் அகலத்தையும் கூட்டித் தோற்றத்தைப் பெரிதாக்குகின்றன. நமக்குத் தேவைப்படும் நீளவாக்கு இடம் கூடுவதில்லை. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மாறிய பிறகும் இந்த நான்கு மீட்டர் கோடு அப்படியேதான் இருக்கிறது: எஞ்சின் அளவும் வரம்புக்குள் இருந்தால் 18 சதவீதம், மீறினால் 40 சதவீதம்.

இன்னொரு காரில் இடம் இருந்தது, ஆனால் பின்னிருக்கை பெல்ட் எட்டவில்லை. பின்னோக்கிய சில இருக்கைகளை பெல்ட்டால் கட்டும்போது, பெல்ட்டின் மடிப்பகுதி ஒரு வழியிலும் தோள்பகுதி இருக்கையின் முதுகைச் சுற்றி வேறு வழியிலும் போக வேண்டும். பெல்ட்டை முழுவதும் உருவியும் கொக்கி பூட்டுக்கு நான்கு விரற்கடை தள்ளியே நின்றுவிட்டது. ஐசோஃபிக்ஸ் உள்ள கார் என்றால் இந்தத் தொல்லை இல்லை. பின்னிருக்கையின் முதுகும் அமரும் மெத்தையும் சேரும் இடுக்கில், 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்பு வளையங்கள் இருக்கும். குழந்தை இருக்கையின் இரு கொக்கிகளையும் அவற்றில் அழுத்தினால் 'டக்' என்று மாட்டிக்கொண்டு, பொத்தானில் பச்சை நிறம் தெரியும். அந்த வளையம் எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில கார்களில் பிளாஸ்டிக் வாய் வைத்து வெளிப்படையாகத் தந்திருக்கிறார்கள். சிலவற்றில் மெத்தைக்குள் கையை நுழைத்துத் துழாவி, நகம் பிய்ந்து வந்தால்தான் கிடைக்கிறது. உங்கள் குழந்தை இருக்கைக்கு, காரின் தரையில் ஊன்றி அதைத் தாங்கும் கால் (தாங்குகால்) இருந்தால், அது ஊன்றும் இடத்தில் தரைக்கு அடியில் சேமிப்புப் பெட்டி போன்ற வெற்றிடம் இருக்கக் கூடாது.

கடைசியில் நாங்கள் எடுத்தது டாடா நெக்ஸான். எங்கள் இருக்கையைப் பொருத்திய பிறகும் என் மனைவி முன்னால் காலை நீட்டி உட்கார முடிந்தது என்பதே முதற்காரணம். பாதுகாப்பு மதிப்பீட்டைப் பார்க்கிறவர்கள் நட்சத்திரத்தோடு நின்றுவிட வேண்டாம். கார்களை மோதவிட்டு நட்சத்திரம் தரும் நம் நாட்டுச் சோதனையான, 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் முறையில் குழந்தைப் பாதுகாப்புக்கு மொத்தம் 49 மதிப்பெண்கள். அவற்றில் 24 மோதல் சோதனைக்கு. ஒன்றரை வயது, மூன்று வயது குழந்தைகளின் அளவில் செய்த பொம்மைகளை வைத்து மோதிப் பார்க்கிறார்கள். 12 மதிப்பெண்கள், பலவகைக் குழந்தை இருக்கைகள் அந்தக் காரில் ஒழுங்காகப் பொருந்துகின்றனவா என்பதற்கு. மீதி 13 வண்டியில் உள்ள வசதிகளுக்கு. நம் தேவைக்கு அந்த 12 முக்கியமானது. பெரியவர்களுக்கான நட்சத்திரமும் குழந்தைகளுக்கான நட்சத்திரமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இதேபோல் கார்களைச் சோதிக்கும் பன்னாட்டு அமைப்பான குளோபல் என்கேப் 2024 நவம்பரில் வெளியிட்ட முடிவில் புதிய டிசையர் பெரியவர்களுக்கு ஐந்தும் குழந்தைகளுக்கு நான்கும் பெற்றது.

கொங்குநாட்டாள், ஈரோடு

வைகைக்கரை அண்ணன் எழுதியதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் எங்களைப் போல மாமனார், மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. குழந்தை இருக்கையைப் பொருத்திய சிறிய காரின் பின்வரிசையில் மிஞ்சும் இடம் ஒன்றரை ஆளுக்குத்தான். நடுவில் உட்காரும் அத்தைக்கு ஒரு பக்கம் குழந்தை இருக்கையின் ஓடு விலாவில் குத்துகிறது. மறுபக்கம் என் தோள் இடிக்கிறது. பழனி வரை அப்படிப் போய் வந்த பிறகு, மூன்று வரிசை வண்டிதான் என்று வீட்டில் தீர்மானித்துவிட்டார்கள்.

மூன்று வரிசை என்றவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இரண்டு விஷயங்களை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். முதலாவது டிக்கி. எர்டிகாவில் மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் 209 லிட்டர்; கடைசி வரிசையை மடித்தால் 550. நான்கு மீட்டருக்குள் மூன்று வரிசை தரும் ட்ரைபரில் ஏழு பேரும் உட்கார்ந்தால் 84 லிட்டர்தான் மிச்சம். கடைசி வரிசையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625 லிட்டர். ஆக, ஆளும் சாமானும் ஒன்றாகப் போக முடியாது. குழந்தையின் தள்ளுவண்டியை மடித்து டிக்கியில் வைத்துக் கதவைச் சாத்திப் பார்க்காமல் யாரும் முன்பணம் கட்டாதீர்கள். எங்களுடையதை நிமிர்த்தி வைத்தால்தான் உள்ளே போயிற்று.

இரண்டாவது, கடைசி வரிசைக்குப் போகும் வழி. வழக்கமாக நடுவரிசையை மடித்தோ நகர்த்தியோதான் பின்னால் ஏற வேண்டும். அங்கே குழந்தை இருக்கையைப் பூட்டிவிட்டால் அந்தப் பக்கம் அடைபட்டுவிடும். ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டுவது நடக்கிற காரியமா? ஓட்டுநர் பக்கம் பூட்டினால் இடப்பக்கம் வழி கிடைக்கும், ஆனால் குழந்தையை ஏற்றி இறக்க, லாரி உரசிக்கொண்டு போகும் பக்கத்தில் நிற்க வேண்டும். எக்ஸ்.எல்.6, கேரன்ஸ் போன்றவற்றின் ஆறு இருக்கை வகையில் நடுவரிசை இரண்டு தனித்தனி நாற்காலிகளாக இருப்பதால், இடையே உள்ள சந்தில் பின்னால் போய்விடலாம். ஓர் இருக்கை குறைந்தாலும் பரவாயில்லை என்று நாங்கள் அந்த அமைப்பைத்தான் எடுத்தோம். முழங்கால் வலியுள்ள அத்தை நடுவரிசையில் பேத்தியின் அருகில். அந்தச் சந்தில் நுழைந்து கடைசி வரிசைக்குப் போவது நான்தான்!

"இவ்வளவு செலவு எதற்கு, மடியில் வைத்துக்கொண்டால் போதாதா?" என்று மாமா கேட்டதற்கு என் கணவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி, பத்தில் ஒரு வினாடியில் நின்றால், 9 கிலோ குழந்தையைப் பிடித்திருக்கும் கை அந்த நொடியில் 120 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். ஒரு மூட்டை நெல்லே அவ்வளவு கனக்காது என்று சொல்லிவிட்டு மாமா அதன் பிறகு பேசவில்லை. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

குமரிமுனை, நாகர்கோவில்

நண்பர்கள் இருவரும் பெரிய வண்டிக்கே வாக்களிப்பதால் மறுபக்கத்தையும் பதிவு செய்கிறேன். கணவன், மனைவி, ஒரு குழந்தை மட்டும் என்றால் வேகன்-ஆர் போன்ற உயரமான ஹேட்ச்பேக் போதும். டிக்கி 341 லிட்டர். கூரை உயரமாக இருப்பதால், தூங்கும் குழந்தையைத் தலை இடிக்காமல் உள்ளே கிடத்த முடிகிறது. தாழ்ந்த கூரையுள்ள செடானில் ஒவ்வொரு முறையும் குழந்தைக்கு முன் என் தலை உள்ளே போக வேண்டும். பின்கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதும் முக்கியம். பன்ச், அல்ட்ரோஸ் இரண்டிலும் கதவு 90 பாகைக்குத் திறக்கும். ஆனால் எங்கள் தெருவில் மதில் சுவர் ஒட்டி நிறுத்தும்போது 90 பாகையும் வீண்தான், அது வேறு கதை.

சி.என்.ஜி. (இயற்கை எரிவாயு) கார் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்: ஒற்றைச் சிலிண்டர் டிக்கியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். டாடா இரட்டைச் சிலிண்டர்களைத் தரைக்கு அடியில் வைப்பதால் பன்ச்சில் 210 லிட்டராவது மிஞ்சுகிறது.

பனித்தமிழ், டொராண்டோ

எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் குழந்தை 9 கிலோ எட்டும் வரை பின்னோக்கிய இருக்கை சட்டப்படியே கட்டாயம் என்பதால், இங்கே கார் தேடும்போது அதைப் பொருத்திப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. எங்கள் குடியிருப்பின் அடித்தள நிறுத்துமிடம் மிகக் குறுகலானது. பக்கத்துக் கார் கோட்டை ஒட்டி நின்றால் சாதாரணக் கதவை அரையடி திறப்பதே பெரும்பாடு. அதனால் எஸ்.யு.வி. ஆசையை விட்டுவிட்டு, நகரும் கதவுள்ள டொயோட்டா சியன்னா வேன் எடுத்தோம். குளிர்காலத்தில் தடித்த மேலங்கியோடு குழந்தையைப் பெல்ட்டில் பூட்டக் கூடாது, துணி அமுங்கிப் பெல்ட் தளர்ந்துவிடும்; ஆகவே அங்கியைக் கழற்றிப் பூட்டிவிட்டு மேலே போர்வை போர்த்துகிறோம். அதைச் செய்ய, கதவுக்குள் நான் பாதி நுழைந்து நிற்கும் இடம் வேண்டும். பெரிய டிக்கியைவிட அந்த இடம் எங்களுக்குப் பயன்படுகிறது.

இங்கே குடியேறி வருகிறவர்கள் ஊரிலிருந்து குழந்தை இருக்கையை வாங்கிவர வேண்டாம். கனடாவின் தேசியப் பாதுகாப்பு முத்திரை, அதாவது மேப்பிள் இலைக் குறி இல்லாத இருக்கையை இங்கே பயன்படுத்துவது சட்டப்படி செல்லாது. என் அம்மா சென்னையில் ஆசையாக வாங்கி வைத்ததை அண்ணன் மகனுக்குக் கொடுத்துவிட்டோம்.

வைகைக்கரை, மதுரை

குழந்தை இருக்கையைக் காரில் எங்கே வைப்பது, ஏசி காற்று குழந்தைக்கு எட்டுமா என்று கொங்குநாட்டுச் சகோதரி தனிச்செய்தியில் கேட்டதற்கு இங்கேயே பதில் எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். பின்வரிசை நடுவில் வைப்பதுதான் பாதுகாப்பு என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால் நம் ஊரில் கிடைக்கும் பெரும்பாலான கார்களில் ஐசோஃபிக்ஸ் வளையம் இரு ஓரங்களிலும்தான் இருக்கும். நடுவில் வைப்பதானால் மூன்றுமுனை பெல்ட் இருக்க வேண்டும், அதன் நீளமும் எட்ட வேண்டும். தாத்தா பின்னால் உட்கார விரும்புகிறார், குழந்தையை முன்னிருக்கையில் வைக்கலாமா என்றால், ஏர்பேக் இயங்கும் முன்னிருக்கையில் பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்கக் கூடாது. பை விரியும் வேகம் நேரே குழந்தையின் தலைக்குப் பின்னால் உள்ள ஓட்டில் அடிக்கும்.

குளிர்காற்று பற்றி: குழந்தையின் முகம் பின்னால் திரும்பியிருப்பதால், நடுக்கன்சோலில் உள்ள பின்வரிசை ஏசி வாயிலிருந்து வரும் காற்று பெரும்பாலும் இருக்கையின் முதுகில்தான் படுகிறது. கூரையிலிருந்து காற்று வருமானால் நல்லது. எங்கள் காரில் அப்படி இல்லாததால், மே மாத வெயிலில் புறப்படுவதற்கு முன்பே ஏசியை ஓடவிட்டு, பெல்ட்டின் கொக்கியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் குழந்தையைப் படுக்க வைக்கிறோம்.

டெலிவரி நாளில் இலவசம் என்று சொல்லித் தடித்த ரெக்சின் சீட் கவரை இழுத்து மாட்டிவிடுவார்கள். அது ஐசோஃபிக்ஸ் வாயை மூடிவிடும். முன்னிருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால், பொருந்தாத கவர் அதையும் தடுக்கும். நாங்கள் முன்பதிவுப் படிவத்திலேயே சீட் கவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். மேலாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதற்குப் பதிலாக நான்கு சக்கரங்களுக்கும் மட் ஃபிளாப் போட்டுத் தந்தார்.