10 அடி கோல், 1/32 ஜிக்: மீன் கொத்துவதே தெரியவில்லை, எங்கே தவறு?

குட்டை_ஓரம்
வணக்கம். மலேசியாவில் பூச்சோங் பக்கத்தில் ஒரு பழைய ஈயக்குட்டை (ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்றது). ஓரமெல்லாம் ஆகாயத்தாமரையும் கங்கோங் கொடியும். திலாப்பியா, புயு (பனையேறி மீன்), கையகலப் பீகாக் பாஸ் மூன்றும் இருக்கின்றன. கோல் 10 அடி அல்ட்ராலைட் (மிக இலேசானது), மெசின் (நூல் சுற்றும் ரீல்) 1000 அளவு, தங்கூசி (தூண்டில் நூல்) 6 பவுண்டு மோனோ (ஒற்றை இழை நைலான்), ஜிக் (தலையில் எடை வைத்த முள்) 1/32 அவுன்ஸ், ஓர் அங்குல ரப்பர் வால். வீசினால் நாலைந்து மீட்டரிலேயே விழுந்துவிடுகிறது. இழுத்தால் கொடியில் மாட்டுகிறது. வால் கடிபட்டு வருகிறது, கோலிலோ ஓர் அசைவும் இல்லை. கோலை மாற்ற வேண்டுமா?

நூல்_நுனி
கோல் நல்ல கோல்தான், மாற்ற வேண்டாம். கோளாறு தங்கூசியில்.

1/32 என்பது வெறும் 0.9 கிராம். 6 பவுண்டு மோனோ ஏறக்குறைய 0.23 மி.மீ. தடிமன். மெசினில் கிடந்த சுருளை நிமிர்த்த அந்த எடை போதாது. மீன் ஜிக்கை வாயில் வாங்கும்போது சுருள்தான் நிமிர்கிறது, கோல் நுனி அசைவதில்லை. அதனால்தான் வால் மட்டும் போகிறது. 2 பவுண்டு மோனோவுக்கு மாறுங்கள். அல்லது பி.ஈ. 0.4 (மெல்லிய பின்னல் நூல்) சுற்றி, நுனியில் லீடராக (முள்ளோடு சேரும் துண்டு நூல்) 4 பவுண்டு ஃப்ளூரோகார்பன் 60 செ.மீ. போடுங்கள். மெசின் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே வரை நூல் நிறைந்திருக்க வேண்டும். பள்ளமாக இருந்தால் நூல் விளிம்பில் உரசி அங்கேயே வேகம் செத்துவிடும்.

இன்னொன்று, வீசவே வேண்டாம். நீளக் கோல் தூரத்துக்கு அல்ல, இறக்குவதற்கு. கோல் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக நூலை விட்டு, ஊஞ்சல் மாதிரி ஆட்டி, ஆகாயத்தாமரைக்கு நடுவே இருக்கும் ஓட்டையில் நேராக இறக்குங்கள். நுனி மேலே நிற்கட்டும், நூல் தண்ணீரில் படுக்கக் கூடாது. கிடையாக இழுக்காத ஜிக் கொடியில் மாட்டாது.

முதலில் தெளிந்த ஓரத்தில் ஜிக்கை விட்டு, ஒரு மீட்டர் இறங்க எத்தனை எண்ணிக்கை ஆகிறது என்று பாருங்கள். பிறகு எங்கே இறக்கினாலும் அந்தக் கணக்குக்கு முன்னாலேயே நூல் தளர்ந்து நின்றாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ அது மீன். இறங்கும்போதுதான் பெரும்பாலும் வாங்கும். வெடுக்கென்று இழுக்காமல் மணிக்கட்டை மட்டும் தூக்குங்கள்.

தக்கை_பிரியன்
மேலே அண்ணன் சொன்னது காற்று இல்லாத காலைக்குச் சரி. காற்று அடித்தால் நூல் வில்லாக வளைந்துவிடும், கண்ணால் ஒன்றும் பார்க்க முடியாது. அப்போது தக்கை வேண்டும்.

தக்கையை வீட்டிலேயே வாளித் தண்ணீரில் ஜிக்கோடு போட்டுப் பாருங்கள். நுனி 1 செ.மீ. மட்டும் வெளியே நிற்க வேண்டும். அதற்கு மேல் நின்றால் சின்ன ஈயக்குண்டு ஒன்றை நூலில் தக்கைக்கு அடியில் கடித்து வையுங்கள். மிதப்பு அதிகமான தக்கையை இழுத்துப் பார்க்கும் மீன் உடனே துப்பிவிடும். ஆழம் 45 செ.மீ.யில் தொடங்கி ஒவ்வொரு சாணாகக் கூட்டுங்கள். தக்கை சாய்ந்து படுத்தால் இரண்டு காரணம்: ஜிக் தரையைத் தொட்டிருக்கும், இல்லை மீன் வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. விழுந்தவுடனே படுத்திருந்தால் ஆழத்தைக் குறையுங்கள். நன்றாக நின்றுகொண்டிருந்தது திடீரென்று படுத்தால் தூக்குங்கள்.

முடிச்சைக் கவனிக்கிறீர்களா? ஜிக் தண்ணீரில் கிடையாகத் தொங்க வேண்டும். இறுக்கிய முடிச்சு வளையத்தின் முன்பக்கம் நழுவினால் ஜிக் செங்குத்தாகத் தொங்கி, செத்த பூச்சி மாதிரி இருக்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் நகத்தால் முடிச்சை வளையத்தின் மேல்பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

புயு_கை
வால் பிரச்சினைக்கு: முள் வளைவைத் தாண்டி 1 செ.மீ.க்கு மேல் ரப்பர் நீளக் கூடாது. கத்தரியால் வெட்டிவிடுங்கள். திலாப்பியா வாய் சின்னது, வாலை மட்டும் கொறிக்கும். இதைவிட 10-ஆம் நம்பர் முள்ளில் கோழிக் கழுத்து இறகு கட்டிய ஜிக் நல்லது. சும்மா நிற்கும்போதும் இறகு மூச்சு விடும். மழைக்குப் பிறகு தண்ணீர் தே தாரேக் (பால் தேநீர்) நிறமானால் கறுப்பு, தெளிந்திருந்தால் வெள்ளை. திலாப்பியா அதிகம் தின்பது பாசிதான், அதனால் முள் நுனியில் மண்புழுத் துண்டு அரை செ.மீ. கோத்துவிடுங்கள்.

2 பவுண்டு நூல் என்றால் டிராக்கை (மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் மெசின் பிடி) கால் கிலோவுக்கு மேல் இறுக்காதீர்கள். பீகாக் பாஸ் முதல் ஓட்டத்திலேயே கொடிக்குள் போகப் பார்க்கும், கோலைப் பக்கவாட்டில் சாய்த்துத் திருப்புங்கள். புயு செவுள் மூடியில் முள் வைத்திருக்கும். ஈரத்துணியால் பிடியுங்கள்.

ஈயக்குட்டை ஓரத்து மணல் காலுக்கடியில் சரியும், அடுத்த அடியிலேயே ஆளுக்கு மேல் ஆழம் இருக்கலாம். விளிம்பிலிருந்து தள்ளியே நில்லுங்கள், கோல் நீளம் அதற்கும்தான் உதவுகிறது. மதியத்துக்கு மேல் இடி கேட்டால் கார்பன் கோலை உடனே படுக்கவைத்துவிட்டுக் கிளம்புங்கள். மின்கம்பிக்குக் கீழே கோலைத் தூக்கவே வேண்டாம்.

குட்டை_ஓரம்
நன்றி அண்ணே. மெசின் இல்லாத 12 அடி மடக்குக் கோல் போதுமா?

நூல்_நுனி
புயுவுக்கும் சின்ன திலாப்பியாவுக்கும் தாராளமாகப் போதும். நூல் கோலைவிட 30 செ.மீ. குறைவாக இருந்தால் மீன் நேராகக் கைக்கு வரும். கோல் நுனியிலிருந்து 4 பவுண்டு, முள் பக்கம் கடைசி 50 செ.மீ. 2 பவுண்டு என்று கட்டுங்கள். பெரிய மீன் அறுத்தால் அங்கேதான் அறும், கோல் நுனி பிழைக்கும். பீகாக் பாஸ் உள்ள பக்கம் மட்டும் மெசின் கோலை எடுங்கள், தம்பி.