ஸ்டேட்டினும் ஹெபடைட்டிஸ் சி வைரஸும்: கொலஸ்ட்ராலா காரணம்?

கல்லீரல்காரன்:
"ஸ்டேட்டின் கொலஸ்ட்ராலைக் குறைக்கும், அதனால்தான் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் பெருகுவதில்லை" என்று வேதிப்பித்தன் இன்னொரு திரியில் அடித்துவிட்டிருக்கிறார். சுத்தத் தவறு. ரெப்ளிகான் செல்லில் (வைரஸ் ஆர்என்ஏ தானே பெருகும்படி செய்த ஆய்வகச் செல்) லோவாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டினைப் போட்டால் வைரஸ் ஆர்என்ஏ இறங்கும். ஸ்டேட்டின் அடைக்கும் பாதையில் கொலஸ்ட்ரால் மட்டுமல்ல, புரதங்களில் ஒட்டும் 20 கார்பன் கொழுப்பு வாலும் உருவாகிறது. கூடவே அந்த வாலைத் திருப்பிக் கொடுக்கும் ஜெரானைல்ஜெரானியால் சேர்த்தால் மறுபடி ஏறிவிடும். வைரஸின் என்எஸ்5ஏ புரதம் போய் ஒட்டுவது செல்லின் எஃப்பிஎல்2 புரதத்தில். எஃப்பிஎல்2க்கு வேண்டியது அந்த 20 கார்பன் வால், கொலஸ்ட்ரால் அல்ல.

வேதிப்பித்தன்:
அப்போது செல்லில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் ஓஎஸ்பிபி புரதம் எதற்கு இருக்கிறது? என்எஸ்5ஏ செல்லின் பிஐ4கேஏ நொதியைத் தூண்டுகிறது, வைரஸ் பெருகும் சவ்வில் பிஐ4பி என்ற கொழுப்பு குவிகிறது, அதைப் பிடித்துக்கொண்டு ஓஎஸ்பிபி கொலஸ்ட்ராலைக் கொண்டுவந்து இறக்குகிறது. கொலஸ்ட்ராலை உறிஞ்சும் சைக்ளோடெக்ஸ்ட்ரினால் அந்தக் கொலஸ்ட்ராலை உருவிப் பாருங்கள், பெருக்கம் விழும்.

கல்லீரல்காரன்:
பேச்சு ஸ்டேட்டினைப் பற்றி ஐயா. 10% சீரம் (கொலஸ்ட்ரால் உள்ள இரத்தநீர்) கலந்த வளர்ப்புக் கரைசலில் ஸ்டேட்டின் போட்டால் எல்டிஎல் ரிசெப்டர் கூடும், செல் வெளியிலிருந்தே கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளும். ஜெரானைல்ஜெரானியாலுக்குப் பதில் சொல்லுங்கள்.

பெட்ரி_தட்டு:
வெறும் லூசிஃபெரேஸ் எண்ணை (ரெப்ளிகானின் அளவைக் காட்டும் ஒளி அளவீடு) வைத்தா இவ்வளவு சண்டை? தட்டு நிறைந்து செல் வளர்ச்சி நின்றாலே ரெப்ளிகான் ஆர்என்ஏ விழும். ஸ்டேட்டின் செல்லின் வடிவத்தைக் காக்கும் ரோ புரதத்தையும் முடக்கும், செல் உருண்டுவிடும். ஜெரானைல்ஜெரானியால் அதையும் சேர்த்தே சரிசெய்யும். செல் எண்ணிக்கையால் வகுக்காத கிராஃபை நம்பமாட்டேன்.

கல்லீரல்காரன்:
வகுத்தே பாருங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? முதலில் மருந்தை ஒழுங்காகத் தயாரியுங்கள். லோவாஸ்டேட்டின் லாக்டோனாகத்தான் (செயல்படாத வளைய வடிவம்) வரும். எத்தனாலில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு, 50 டிகிரியில் 2 மணி நேரம் வைத்தால் வளையம் திறக்கும். பிறகு பிஎச் 7.2க்கு இறக்க வேண்டும். இறக்காமல் ஊற்றினால் காரத்திலேயே செல் செத்துவிடும், அதை "வைரஸ் அடங்கியது" என்று எழுதுவார்கள்.

வேதிப்பித்தன்:
சமையல் குறிப்பு கேட்கவில்லை. ஓஎஸ்பிபிக்குப் பதில் எங்கே?

மருந்துச்சீட்டு:
அடோர்வாஸ்டேட்டினை மட்டும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாயிற்று, வைரஸ் அளவு குறையவில்லை. 2013இல் வைரஸையே நேரடியாகத் தாக்கும் சோஃபோஸ்புவிர் மாத்திரை வந்துவிட்டது. இன்னும் எதற்கு இந்தச் சண்டை?

கல்லீரல்காரன்:
மாத்திரை வந்துவிட்டால் உயிரியல் முடிந்துவிடுமா? பிஐ4கேஏவை அணைத்தால் எலியே சாகிறது. செல்லின் நொதியைக் குறிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே பாடம். வேதிப்பித்தனோ அதே நொதியைக் கொண்டுவந்து ஸ்டேட்டினின் விளைவுக்குக் கொலஸ்ட்ரால்தான் காரணம் என்று முட்டுக்கொடுக்கிறார்.

பெட்ரி_தட்டு:
நீங்கள் பேசும் சோதனைகளில் வளர்க்கும் ஹூ-7 செல்லில் (கல்லீரல் புற்றுச் செல்) பிஐ4கேஏ ஏற்கெனவே அளவுக்கு மீறி இருக்கிறது. நோயாளியிடமிருந்து எடுத்த வைரஸ் அதில் வளரத் திணறுவதற்கு அதுவும் ஒரு காரணம். இருவருமே ஹூ-7ஐ வைத்துக் கல்லீரலுக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

வேதிப்பித்தன்:
நல்லது, அதை ஜெரானைல்ஜெரானியால்காரரிடம் சொல்லுங்கள்.

கல்லீரல்காரன்:
எந்தச் செல்லானாலும் சரி, ஸ்டேட்டின் போட்ட தட்டில் கொலஸ்ட்ராலை மட்டும் திருப்பிக் கொடுத்து ஆர்என்ஏவை ஏற்றிக் காட்டுங்கள். அதுவரை "கொலஸ்ட்ரால்தான்" என்று எழுதாதீர்கள்.