‘சமூகச் சந்தைப் பொருளாதாரம்’ சரியான சொல்தானா?

அன்பின் நண்பர்களுக்கு,

ஜெர்மனியின் கிறித்தவ ஜனநாயக ஒன்றியம் என்ற கட்சியைப் பற்றி நாம் தமிழில் தயாரிக்கும் கட்டுரையில் வரும் ‘சோசியாலெ மார்க்ட்விர்ட்ஷாஃப்ட்’ (அக்கட்சியின் பொருளாதாரக் கொள்கையின் பெயர்) என்பதற்கு இதுவரை இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன: சமூகச் சந்தைப் பொருளாதாரம், சமூகநலச் சந்தைப் பொருளாதாரம். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை.

‘எங்க சமூகம்’ என்றால் நம் ஊரில் சாதி என்றுதான் காதில் விழும். சமூகச் சந்தை என்று படிப்பவர் ஏதோ ஒரு சமூகத்தார் நடத்தும் சந்தை என்று நினைத்தால் அவர்மேல் தப்பில்லை. அதைவிட முக்கியமாக, சமூகம் சார்ந்தது என்று மட்டும் சொல்ல ஜெர்மனில் ‘கெசெல்ஷாஃப்ட்லிஷ்’ என்று வேறு சொல்லே இருக்கிறது. ‘சோசியால்’ என்பதில் எளியவரைக் கைவிடாத நியாயம் என்ற பொருளும் ஏறியிருக்கிறது, அதைத்தான் நாம் தவறவிடுகிறோம்.

சரி, சமூகநலம்? அது அரசுத் துறையின் பெயர். உதவித்தொகையும் சத்துணவும்தான் நினைவுக்கு வரும். 1948 ஜூனில் புது நாணயம் வந்த கையோடு பெரும்பாலான பொருள்களின் விலைக்கட்டுப்பாட்டை எடுத்தவர், இந்தக் கொள்கையைச் செயல்படுத்தி, பின்னாளில் பொருளாதார அமைச்சரான லுட்விக் எர்ஹார்ட். அவர் அரசே எல்லாரையும் பராமரிக்கும் ஏற்பாட்டைக் கடைசிவரை எதிர்த்தவர். 1957-ல் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் அடெனாவர் ஓய்வூதியத்தை ஊதிய உயர்வோடு இணைத்தபோதுகூட எர்ஹார்டுக்கு அதில் உடன்பாடில்லை. அவருக்கு நியாயம் என்பது முதலில் போட்டியைக் காப்பது, பெருமுதலாளிகள் கூடிப்பேசி விலை வைப்பதைத் தடுப்பது. அதே 1957-ல் அதற்கான சட்டமும் நிறைவேறியது.

இந்தக் கட்சி தொடக்கத்திலேயே சந்தையின் பக்கம் நின்றதாக எழுதிவிடக் கூடாது. 1947 பிப்ரவரியில் ஆலன் நகரில் ஏற்ற திட்டத்தில், முதலாளித்துவம் ஜெர்மன் மக்களின் நலனுக்கு உதவவில்லை என்று சொல்லி, சுரங்கங்களைப் பொதுவுடைமையாக்கக் கேட்டார்கள். 1949 ஜூலையில், தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு, டூசல்டார்ஃபில்தான் சந்தைக்கு வந்தார்கள். பொதுவுடைமை கேட்டவர்கள், சந்தையை ஏற்றவர்கள் என்ற இரண்டு அணியையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது இந்தச் சொல்தான், அதனால்தான் இதற்கு இவ்வளவு மெனக்கெடச் சொல்கிறேன்.

சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மியூல்லர்-ஆர்மாக். சந்தையில் சுதந்திரம், கூடவே சமூகத்தில் ‘ஆவுஸ்க்லைஷ்’, அதாவது ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டுவது, என்பது அவர் தந்த விளக்கம். அப்படியானால் நம்மிடம் தராசுத் தட்டோடு பழகிய வினையே இருக்கிறது: சமன்செய்தல்.

என் முன்மொழிவு: சமன்செய் சந்தைப் பொருளாதாரம்.

வினைத்தொகை, ஒற்று மிகாது. முக்காலத்துக்கும் பொருந்துவதால், ஒருமுறை சமன்செய்துவிட்டு ஓய்ந்த சந்தை அல்ல, செய்துகொண்டே இருக்க வேண்டியது என்பதும் தானாக வந்துவிடுகிறது. பொருளியல் பாடநூலின் ‘சந்தைச் சமநிலை’யோடு குழம்பும் என்று ஒருவர் சொல்லக்கூடும். அது தேவையும் அளிப்பும் ஒத்துப்போகும் நிலை, பெயர்ச்சொல். இதில் ஒருவர் முனைந்து செய்ய வேண்டியிருக்கிறது.

அப்புறம், கட்சியின் பெயரில் உள்ள ‘ஒன்றியம்’ என்பதை எடுத்துவிட்டு ‘கட்சி’ என்றே போடலாம் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. ஹிட்லருக்கு முன்பு கத்தோலிக்கருக்கென்று மையக் கட்சி தனியாக இருந்தது, புராட்டஸ்டண்டுகள் வேறு கட்சிகளில் இருந்தார்கள். 1945-ல் பெர்லினிலும் கொலோனிலும் கூடியவர்கள் இரு பிரிவாரையும் சேர்ப்பதற்காகவே ‘ஊனியோன்’ (ஒன்றியம்) என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரிலேயே பாதி வரலாறு இருக்கிறது.

மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள், 1949 பகுதியைத் திருத்தாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.