வீட்டுக்காரரு வாட்டர்கேட் (கடல் தண்ணிய அடைக்கிற கதவு) வேலைக்கு மாறுனதுலேர்ந்து வீட்டுல எதுக்குமே ஒரு நேரம் இல்ல, கடலோரத் தோட்டத்துல எப்படிச் சமாளிக்கிறீங்க?

ஈப்போ_மருமக:

வணக்கம் எல்லாருக்கும். நான் மலேசியாவுல, ஈப்போவுல பொறந்து வளந்தவ, கட்டிக்கிட்டு வந்தது பாகான் டத்தோ பக்கம் ஒரு தோட்டத்துக்கு. பாதி தென்ன பாதி செம்பனை, கடைசி பீல்டுக்கு அப்புறம் பண்டு, அதான் கடலத் தடுக்குற மண் கரை, பண்டுக்கு அந்தாண்ட பாக்காவ் (அலையாத்தி) காடு, அதத் தாண்டுனா கடல்தான். லயத்து வரிசை வீட்டுல இருக்கோம், மாமி எங்ககூட இருக்காங்க, பையன் தமிழ்ப்பள்ளியில முதலாம் ஆண்டு.

முன்னாடி அவரு தேங்கா வெட்டுல இருந்தாரு. காலையில பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்குற எடம்) போனா மத்தியானத்துக்கு மேல வீட்டுக்கு வந்துடுவாரு, குளிச்சிட்டு ஒரு தூக்கம், சாயங்காலம் பையன மோட்டர்ல ஏத்திக்கிட்டு கடைத்தெருவுக்கு ஒரு ரவுண்டு, ராத்திரி எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து சாப்புடுவோம். இப்ப வாட்டர்கேட்ட அவருகிட்ட குடுத்துட்டாங்க. கடல் தண்ணி வத்துறப்ப போயி கதவத் தூக்கி கான் (தோட்டத்து வடிகால்) தண்ணிய வெளிய விடணும், ஏறுறதுக்கு முந்தி எறக்கி அடைக்கணும், அடைக்கலன்னா உப்புத்தண்ணி கான் வழியா பீல்டுக்குள்ள வந்துரும். இன்னைக்கு ராத்திரி ஒரு மணிக்குப் போனாருன்னா நாளைக்கு ரெண்டு மணி, அப்புறம் மூணு, பகல்லயும் அதே மாதிரி தள்ளித் தள்ளிப் போவுது. நான் எப்ப சோறு வடிக்கிறது, எப்ப அவரு தூங்குறது, பையன் ஸ்கூல் விட்டு வந்து அப்பா எங்கன்னு கேக்குறப்ப ஒரு நாள் தூங்குறாரு ஒரு நாள் கேட்டுல இருக்காரு, சத்தம் போடாதடான்னு அவன அதட்டி அதட்டி எனக்கே மனசு வலிக்குது.

தீபாவளி அன்னைக்கு காலையில எண்ணெய் வைக்கிற நேரத்துல அவரு வீட்டுல இல்ல. தைப்பூசத்துக்கு கோயிலுக்கு கெளம்புறப்பவும் அப்படித்தான், நானும் மாமியும் பையனும் மட்டும் போனோம். செத்துப் போன எங்க மாமனாரும் இதே வேலைதான் பாத்திருக்காரு, அதனால மாமி "பழகிரும்மா"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறாங்க. பழகிக்கத்தான் நானும் கேக்குறேன், எப்படிப் பழகுறதுன்னு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. இல்ல பேசாம திரும்பவும் வெட்டுக்கே போங்கன்னு அவருகிட்ட சொல்லிடவா? இந்த மாதிரி வீட்டுல இருந்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

செலேகோ_பொண்ணு:

அக்கா, எங்க அப்பா பண்டுலயும் வாட்டர்கேட்டுலயும் இருந்துதான் ரிட்டயர் ஆனாரு, நாங்க அந்த வீட்டுலதான் வளந்தோம். அதனால இது எனக்கு நல்லாத் தெரிஞ்ச கதை.

முதல்ல ஒண்ணு, நேரம் தாறுமாறா போவுதுன்னு நெனைக்காதீங்க, அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. நம்ம பக்கம் தண்ணி ஒரு நாளைக்கு ரெண்டு தரம் ஏறும் ரெண்டு தரம் வத்தும். மறுநாள் அதே ஏத்தம் கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளி வரும். அப்படியே தள்ளிப் போயி சுமார் ரெண்டு வாரத்துல திரும்பவும் அதே மணிக்கு வந்து நிக்கும், ஏன்னா அமாவாசையிலேர்ந்து பௌர்ணமிக்கு அவ்ளோ நாள்தான். இந்த அமாவாசைக்கு எத்தன மணிக்கு கேட்டுக்குப் போனாரோ அடுத்த பௌர்ணமிக்கும் ஏறக்குறைய அதே மணிதான் இருக்கும், பாருங்க. எங்கம்மா கோயில்ல குடுக்குற தமிழ் கேலண்டர அடுப்புக்குப் பக்கத்துல மாட்டி வச்சி ஒவ்வொரு கட்டத்துலயும் பென்சிலால அப்பா போற நேரத்த எழுதிடுவாங்க. ஒரு மாசம் எழுதுனா போதும், அதுக்கப்புறம் பாக்காமலே சொல்லிடலாம் எந்த வாரம் அப்பா ராத்திரி முழுக்க வீட்டுல இருப்பாரு எந்த வாரம் நடுராத்திரி எந்திரிப்பாருன்னு.

நேரம் வேணும்னா நேவியோட ஹைட்ரோகிராபி சென்டர் வருஷா வருஷம் பாசாங் சூருட் ஜடுவல், அதான் தண்ணி ஏறி வத்துற நேர அட்டவணை, போடுறாங்க, ஜூப்பெம்மும் (நில அளவை இலாகா) தனியா ஒண்ணு போடுது. ஜூப்பெம் ஜடுவல்ல லுமுட் ஸ்டேஷன் இருக்கு, நமக்கு அது பக்கம். ஆனா லுமுட்ல போட்டிருக்குற மணியும் உங்க கேட்டுல தண்ணி திரும்புற மணியும் ஒண்ணா இருக்காது, கேட்டு ஆத்துக்குள்ள தள்ளி இருந்தா இன்னும் தாமதமாகும். அண்ணன கொஞ்ச நாள் ரெண்டையும் எழுதிப் பாக்கச் சொல்லுங்க, எவ்ளோ கூட்டணும்னு அவருக்கே தெரிஞ்சிடும்.

சாப்பாட்டு விஷயத்துல எங்கம்மா அப்பா வர்ற நேரத்துக்குச் சமைக்கிறத விட்டுட்டாங்க. சோறும் கொழம்பும் காலையிலயே ஆயிடும், கருவாடும் சம்பலும் எப்பவும் இருக்கும், மீன் பொரிக்கிறது மட்டும் அவரு வந்து கால் கழுவுறப்ப. ஆனா ஒரு வேளை எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்புடணும், அது எந்த வேளைன்னு வாரத்துக்கு வாரம் மாறும், சில வாரம் காலைப் பசியாறல், சில வாரம் ஸ்கூல் விட்டு வந்ததும், சில வாரம் ராத்திரி. நாங்க பிள்ளைங்களே கேலண்டர பாத்து "இந்த வாரம் பசியாறல்தான்"னு சொல்லிடுவோம். எனக்கு அப்பா இல்லாத வீட்டுல வளந்தேன்னு ஒரு நாளும் தோணுனதில்ல, அதுக்குக் காரணம் அந்த ஒரு வேளைதான்னு இன்னைக்கும் நம்புறேன்.

பையன அதட்டாதீங்க அக்கா, பாவம். பகல்ல வத்துற நாள்ல சனி ஞாயிறா இருந்தா அண்ணன் கூடவே அனுப்புங்க. பண்டு மேல தூரமா நின்னு பாக்கட்டும், கதவுகிட்ட மட்டும் விடவே கூடாது, பாசி வழுக்கும், கதவு தெறக்குறப்ப தண்ணி இழுப்பு பயங்கரமா இருக்கும்.

லயத்து_கணேசு:

நான் வேற மாதிரி நெனைக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. செலேகோ தங்கச்சி சொல்றது குடும்பத்துக்குச் சரி, அந்த மனுஷனோட ஒடம்புக்கு? தூக்கம் தெனமும் ரெண்டா ஒடையுது. எங்க சித்தப்பா இந்த வேலையில இருந்தாரு, மோட்டர்ல வர்றப்பவே தூங்கிடுவாருன்னு சித்தி பயந்து பயந்து வாசல்லயே நிப்பாங்க. ராத்திரி பண்டு ரோட்டுல லைட்டும் கெடையாது.

வெட்டுக்குத் திரும்பப் போகச் சொல்றதுக்கு முன்னாடி இன்னொரு ஆள் கேளுங்க. ஒரு கேட்டுக்கு ஒரே ஆள்ன்னு எங்கயும் சட்டம் இல்ல. ரெண்டு பேரு வாரம் மாத்தி மாத்திப் பாத்தா அவருக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் முழுத் தூக்கம். சில தோட்டத்துல அடியில தானா அடைக்கிற கதவு இருக்கு, கடல் தண்ணி ஏறுனா அதோட அழுத்தத்துலயே மூடிக்கும், உள்ள தண்ணி ஒசந்து வெளிய வத்துனா தானா தெறந்துக்கும். ஆனா மட்டையோ தேங்காயோ ஆகாயத்தாமரையோ வந்து எடுக்குல மாட்டிக்கிச்சின்னா அது சரியா மூடாது, உப்புத்தண்ணி உள்ள வந்துரும், அதனால அதுக்கும் ஆள் போயிப் பாத்துத்தான் ஆகணும். வேலை கொறையும், நிக்காது. இருந்தாலும் கேக்கலாம்ல.

பழைய_கிராணி:

மகளே, நீ கேக்காத ஒண்ண சொல்றேன், ஆனா இத யாரும் உனக்குச் சொல்லிருக்க மாட்டாங்க. அவரு வேலை நேரத்த எப்படிக் கணக்கு போடுறாங்கன்னு சம்பளச் சீட்ட எடுத்துப் பாத்தியா?

1955 வேலைச் சட்டத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 2023 ஜனவரி 1லேர்ந்து 45 மணி நேரம், முன்னாடி 48 இருந்துச்சு. இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னன்னா, ஒரு நாள் வேலைய ஆரம்பிச்ச நேரத்துலேர்ந்து எண்ணுனா நடுவுல விட்ட ஓய்வு நேரத்தையும் சேத்து 10 மணி நேரத்துக்குள்ள முடியணும்னு அதே பிரிவுல இருக்கு. வாட்டர்கேட் ஆளு காலையில அஞ்சு மணிக்கு ஒரு தரம் போறாரு, அடுத்த தண்ணிக்கு சாயங்காலம் அஞ்சரைக்குப் போறாருன்னு வச்சிக்க, நடுவுல வீட்டுல படுத்திருந்தாலும் 10 மணி நேரம் தாண்டியாச்சு. தாண்டுன வேலைக்கு ஓ.டி. கேக்க நியாயம் இருக்கு. ஷிப்டுன்னு எழுதிக் குடுத்திருந்தாலோ தொழிலாளர் இலாகாவுல அனுமதி வாங்கியிருந்தாலோ கணக்கு வேற, அதனால முதல்ல என்ன எழுதியிருக்குன்னு பாக்கணும்.

ஓ.டி. கணக்கு ஒன்றரை மடங்கு. இப்ப கொறஞ்ச பட்ச சம்பளம் மாசத்துக்கு 1,700 வெள்ளி (ரிங்கிட்), அத 26 நாளால வகுத்தா ஒரு நாளைக்கு 65.38, எட்டு மணி நேரத்துக்கு வகுத்தா 8.17, ஒன்றரை மடங்குன்னா ஒரு மணி நேரத்துக்கு சுமாரா 12 வெள்ளி 26 காசு. ராத்திரி ராத்திரி இது சேந்தா வீட்டுக்கு சின்னக் காசு இல்லம்மா.

தீபாவளி விஷயத்துக்கு வரேன். தோட்டத்துப் பொது விடுமுறை லிஸ்ட்டுல தீபாவளி இருந்து, அன்னைக்கு வேலைக்குக் கூப்பிட்டா, மாசச் சம்பளமோ நாள் சம்பளமோ, லீவு சம்பளத்தோட இன்னும் ரெண்டு நாள் சம்பளம் சேத்துக் குடுக்கணும். அன்னைக்கு வேலை பாத்த நேரம் கொறச்சலா இருந்தாலும் அதே கணக்குதான், கதவத் தூக்கிட்டு அரை மணி நேரத்துல வந்துட்டாருன்னு கொறைக்க முடியாது. இத எத்தனையோ குடும்பத்துக்கு நான் தோட்டத்து ஆபீஸ்ல கிராணியா (கிளார்க்கா) ஒக்காந்து சொல்லிக் குடுத்திருக்கேன். தோட்டத் தொழிலாளர் சங்கத்து ஒப்பந்தம் இதவிட நல்லா இருந்தா அந்தக் கணக்குதான் செல்லும், சங்கத்துல இருக்காரான்னு கேளு.

சண்டை போடச் சொல்லல. ஒரு கொப்பி புத்தகத்துல தெனம் போன நேரம், வந்த நேரம், தேதியோட அவரு கையால எழுதட்டும். எழுதி வச்சவனுக்குத்தான் பேச வாய் இருக்கும். ராத்திரி போற வழியிலயோ கேட்டுலயோ விழுந்து அடிபட்டாலும் சொக்சோவுல (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) காட்டுறதுக்கு அந்தப் புத்தகம் ஒதவும்.

ஊத்தான்மெலிந்தாங்_அக்கா:

தங்கச்சி, தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் அவரு இல்லன்னு எழுதியிருந்தத படிச்சதும் கண்ணு கலங்கிருச்சி. இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது பாரு. தீபாவளி அமாவாசையை ஒட்டி வருது, தைப்பூசம் பௌர்ணமி ஒட்டி, சித்ரா பௌர்ணமி பேருலயே இருக்கு, ஆடி அமாவாசையும் அப்படித்தான். கடல் பெருசா ஏறி ரொம்ப வத்துறதும் அமாவாசை பௌர்ணமிக்கும் அதுக்கு ரெண்டு நாள் பின்னாடியும்தான். நம்ம விசேஷம் முக்காவாசி பெரிய தண்ணியிலதான் வந்து விழும். தீபாவளி அக்டோபர் நவம்பர்ல மழையும் சேந்து வர்றதால கான் நெறைஞ்சி நிக்கும், வெளிய கடல் ஒசந்து நிக்கும், வத்துற கொஞ்ச நேரத்துல எல்லா தண்ணியையும் தள்ளிவிடணும், அந்த நேரத்துல கேட்ட விட்டுட்டு வந்தா லயத்துல நம்ம வீட்டுக்குள்ளயேதான் தண்ணி நிக்கும். நம்ம மாமனார் மாமியார் காலத்துல இத தெரிஞ்சிதான் எங்க வீட்டுல எண்ணெய் வைக்கிறத தண்ணி பாத்துத்தான் வச்சாங்க, அதாவது கேட்டுக்குப் போனவரு வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம், விடியறதுக்கு முந்தியோ பிந்தியோ. பிள்ளைங்க புதுத்துணிய மடியில வச்சிக்கிட்டு காத்திருக்குங்க. 2026ல தீபாவளி நவம்பர் 8, ஞாயித்துக்கிழமை, இப்பவே அன்னைக்கு எத்தன மணிக்குப் போகணும்னு பாத்து வச்சிடு, ஒங்கம்மா வீட்டுக்கு ஈப்போ போறதா இருந்தா மறு வாரம் அஷ்டமி வாக்குல போங்க, அப்ப தண்ணி ஏத்தமும் வத்தலும் சின்னது, வேற ஆள்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போறதும் சுலபம். பொங்கல் மட்டும் சூரியனப் பாத்து வர்றது, அது எந்தத் தண்ணியில வேணாலும் வரும், சில வருஷம் நல்லா வாய்க்கும்.

இன்னொண்ணு, நீ ஈப்போ பொண்ணு, வீட்டோரம் செடி வச்சிருப்ப. பெரிய தண்ணியில கான் வழியா உப்பு ஏறி வாழையும் கத்தரியும் கருகிப் போனா மனசு ஒடையாத. தென்ன உப்பு தாங்கும், மத்தது தாங்காது. கீரை, மொளகா, வெண்டை எல்லாம் பழைய பெயிண்டு வாளியில ஓட்ட போட்டு பலகை மேல தூக்கி வை. மழத்தண்ணியப் புடிச்சி வச்சி ஊத்து. தரையில உப்பு ஏறிருச்சின்னா நல்ல மழை ரெண்டு மூணு பேஞ்சி தண்ணி வடிஞ்சாத்தான் எறங்கும்.

வெட்டுக்குத் திரும்பச் சொல்லலாமான்னு கேட்டியே. அவருகிட்ட கேளு. மாமனார் நின்ன எடத்துல நிக்கிறாரு, அது அவருக்குப் பெருமையா இருக்கலாம், பாரமாவும் இருக்கலாம், ஒனக்கு அது தெரிஞ்சாத்தான் நீ சொல்ல வேண்டியதும் தெரியும்.

ஈப்போ_மருமக:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சிட்டு மாமிகிட்டயும் வாசிச்சிக் காட்டுனேன். மாமி கேலண்டர் விஷயம் கேட்டதும் "ஒங்க மாமனாரு செவுத்துல கரியால கோடு போட்டு வைப்பாரு"ன்னு சொன்னாங்க, பழகிரும்மான்னு சொன்னவங்க அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் பேசுனாங்க. கேலண்டர்ல நேத்துலேர்ந்து எழுத ஆரம்பிச்சாச்சு, பையன்தான் எழுதுறான், எண்ணு பழகுன மாதிரியும் ஆச்சு.

அவருகிட்ட கேட்டேன். வேலை புடிச்சிருக்காம், தூக்கம்தான் கொல்லுதுன்னாரு. கணேசு அண்ணன் சொன்ன மாதிரி இன்னொரு ஆள் கேக்கறதுக்கு தோட்டத்துல வேலைய மேற்பார்வை பாக்குற கண்டக்டர்கிட்ட பேசுறேன்னு சொல்லிருக்காரு. கிராணி அப்பா, சம்பளச் சீட்டுல வாட்டர்கேட் அலவன்ஸ்னு ஒரு தொகை மட்டும் இருக்கு, ஓ.டி.ன்னு தனியா ஒண்ணும் இல்ல. அலவன்ஸ் குடுத்துட்டா ஓ.டி. கேக்க முடியாதா?

பழைய_கிராணி:

அலவன்ஸ் வேற ஓ.டி. வேற மகளே. அந்த அலவன்ஸ் எதுக்குன்னு வேலைக் கடிதத்துல என்ன எழுதியிருக்குன்னு பாரு. கடிதம் வீட்டுல இல்லன்னா ஆபீஸ்ல ஒரு நகல் கேளுங்க. அது வந்ததும், கொப்பியில ஒரு மாசம் எழுதுனதையும் எடுத்துக்கிட்டு முதல்ல சங்கத்துத் தலைவர பாருங்க, அவரு ஆபீஸ்ல பேசட்டும். அங்க முடியலன்னா தொழிலாளர் இலாகா, அங்க புகார் குடுக்க காசு கெடையாது. கடிதத்துல என்ன இருக்குன்னு இங்க எழுது, தோட்டத்துப் பேரு போடாத.